தோரியனைட்: தவற்றைத் திருத்தி அச்சிடுங்கள்!

"தோரியத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்கிறது ஒரு பொது அறிவுக் கையேடு. "ஆனந்த குமாரசுவாமி" என்று கீழேயே விடையும் தருகிறது. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கி, அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்யும் புத்தகம் அது. விழா மலர் ஒன்று, இலங்கையில் ஒரு புதுக் கனிமத்தைக் கண்டெடுத்து அதற்குத் 'தோரியனைட்' என்று பெயர் சூட்டியவரும் அவரே என்கிறது. வார இதழ்க் கட்டுரை ஒன்று அதற்கும் ஒரு படி மேலே போய், அந்தத் தோரியனைட்தான் குமரிக் கடற்கரை மணலில் குவிந்து கிடக்கிறது என்று அடித்துச் சொல்கிறது.

மூன்றும் தவறு. வேண்டுமென்றே எழுதியிருக்க மாட்டார்கள், சரிபார்க்காமல் அச்சேற்றியிருக்கிறார்கள். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். தேர்வில் மதிப்பெண் போகும். அதைவிட மேலாக, தலையில் தவறான செய்தி ஆணியடித்தாற்போல் இறங்கிவிடும்.

இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். கண்டிப்பதோடு நிற்கவும் போவதில்லை. எது தவறு, எது சரி, எதை எப்படித் திருத்த வேண்டும் என்பதை வரிசையாக இங்கே வைக்கிறோம்.

முதல் தவற்றிலிருந்து தொடங்குவோம். தோரியம் ஒரு தனிமம். அது இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1828இல் நார்வே நாட்டின் லோவோயா தீவில் எஸ்மார்க் என்பவர் ஒரு கறுப்புக் கனிமத்தைக் கண்டெடுத்தார். அது ஸ்வீடனின் புகழ்பெற்ற வேதியியலறிஞர் பெர்சீலியஸின் கைக்குப் போனது. அதற்குள் இதுவரை அறியாத ஒரு தனிமம் இருப்பதை 1829இல் அவர் உறுதிசெய்து, வடபுலத்து இடித் தெய்வமான தோரின் பெயரால் தோரியம் என்று அழைத்தார். அந்தக் கறுப்புக் கனிமத்துக்குத் தோரைட் என்று பெயர். தோரியம் கதிரியக்கம் உடையது என்பது அதற்கும் எழுபது ஆண்டு கழித்து, 1898இல் ஷ்மிட் என்ற ஜெர்மானியரும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டது. ஆனந்த குமாரசுவாமி பிறந்ததோ 1877இல். பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்துவிட்ட ஒன்றை அவர் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இரண்டாவது தவற்றைத் திருத்த, கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தகுந்த கதையும்கூட.

கொழும்பில் பிறந்த ஆனந்தரின் தந்தை சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர்களில் பெயர்பெற்றவர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாயார் எலிசபெத், ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயதுக்குள் தந்தையை இழந்த ஆனந்தர் இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்தார். பிறந்த நாட்டுக்குத் திரும்பி இலங்கைக் கனிமவியல் ஆய்வுத் துறையின் தலைவரானார். பாறைகளையும் ஆற்றுப் படுகைகளையும் தேடி ஊர் ஊராக நடந்தார். 1906இல் லண்டன் பல்கலைக்கழகம் இலங்கை நிலவியல் ஆய்வுகளுக்காகவே அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. சிங்களக் கைவினைகளைப் பற்றியும் சிவ நடனத்தைப் பற்றியும் அவர் எழுதி உலகப் புகழ் பெற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சப்ரகமுவ மாகாணத்தின் பலாங்கொடைப் பகுதி மாணிக்கக் கல்லுக்குப் பேர்போனது. அங்கே குழி வெட்டி, மாணிக்கம் கிடைக்கும் சரளை மண்ணை மேலே கொண்டுவந்து, பிரம்புக் கூடையில் அள்ளித் தண்ணீரில் அமிழ்த்திச் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். களிமண் கரைந்து ஓடும். இலேசான கற்கள் விளிம்புக்கு ஒதுங்கும். கனமானவை கூடையின் அடியில் தங்கும். நீலக்கல்லும் மாணிக்கமும் தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனம். அவற்றுக்கும் கீழே, கூடையின் அடியோடு அடியாகச் சில கறுப்புத் துணுக்குகள் கிடக்கும். பயறளவுதான் இருக்கும், எடுத்து உள்ளங்கையில் வைத்தால் ஈயக்குண்டு போல அழுத்தும். தண்ணீரைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் கனம். உற்றுப் பார்த்தால் அவை கனசதுரங்கள். ஆற்று நீர் உருட்டி உருட்டி விளிம்புகளை மழுக்கியிருக்கும். சிலவற்றில் இரண்டு கனசதுரங்கள் ஒன்றையொன்று ஊடுருவி இரட்டையாக வளர்ந்திருப்பதையும் காணலாம். பெரும்பாலான படிகங்கள் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை.

1904இல் இந்தக் கறுப்புக் கல்லை அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் குமாரசுவாமி. ஆனால் அவர் அதை யுரேனினைட் என்ற, முன்பே தெரிந்த யுரேனியக் கனிமமாகவே அடையாளம் கண்டார். அது யுரேனினைட் அன்று, தோரியம் மிகுந்த புதுக் கனிமம் என்பதை வேதிப் பகுப்பாய்வில் நிறுவி, தோரியனைட் என்று பெயரிட்டவர் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டின் தலைவராக இருந்த விண்டாம் டன்ஸ்டன். 1905இல் அவரும் பிளேக் என்ற வேதியியலரும் சேர்ந்து இதன் முழு விவரத்தை ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டார்கள். கனிமத்தில் சுமார் 70 விழுக்காடும் அதற்கு மேலும் தோரியம் ஆக்சைடு. எஞ்சியதில் யுரேனிய ஆக்சைடும், லாந்தனம், சீரியம் முதலிய அருமண் தனிமங்களின் ஆக்சைடுகளும் இருந்தன.

குமாரசுவாமி பிழை செய்தாரே, அதை ஏன் வெளியில் சொல்ல வேண்டும் என்று விழா மலர்க்காரர்கள் தயங்கியிருக்கலாம். தயங்க ஒன்றுமில்லை. யுரேனினைட்டும் கறுப்பு, தோரியனைட்டும் கறுப்பு. அதுவும் கனசதுரம், இதுவும் கனசதுரம். அதுவும் கனம், இதுவும் கனம். இரண்டுமே கதிரியக்கம் உடையவை. படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைகூட இரண்டிலும் ஒன்றே. தோரிய அணு உட்காரும் இடத்தில் யுரேனிய அணு தாராளமாக உட்காரும். இரண்டும் எந்த விகிதத்திலும் கலந்து படிகமாகும். அந்தக் காலத்தில் கையிலும் கண்ணிலும் பிடித்து இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வது நடக்கிற காரியமில்லை. களத்தில் நின்ற நிலவியலர் தன்னிடமிருந்த சான்றைக் கொண்டு ஒரு முடிவைச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் நின்ற வேதியியலர் கூடுதல் சான்றைக் கொண்டு அதைத் திருத்தினார். அறிவியல் நடக்கும் வழியே அதுதான். அதை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கிரீடமாக வைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

அதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. குமாரசுவாமியின் பெயரை எவ்விதத் தயக்கமுமின்றிச் சேர்க்கக்கூடிய கனிமம் ஒன்று உண்டு. அது செரெண்டிபைட். இலங்கையில் கிடைத்த இந்தப் போரான் கனிமத்தைப் புதிது என்று நிறுவி, 1902–03இல் உலகுக்கு அறிவித்தவர்கள் பிரயரும் குமாரசுவாமியும்தான். இதைப் பற்றி அந்த விழா மலரில் ஒரு வரி கிடையாது. உரிய புகழைக் கொடுக்காமல் உரிமையில்லாத புகழை அள்ளிக் கொட்டுகிறார்கள். படிக்காமல் எழுதியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபக்கத் தவற்றையும் விட முடியாது. குமாரசுவாமியின் கலை நூல்களுக்கு முன்னுரை எழுதுகிறவர்களில் பலர், அவர் நிலவியலராக இருந்த ஆண்டுகளை "இளமையில் அறிவியலும் பயின்றார்" என்று அரை வரியில் தாண்டிப் போகிறார்கள். அவருக்கு முனைவர் பட்டத்தைத் தந்த துறை அது. அவரைச் சிங்களக் கிராமங்களுக்குள் அழைத்துப் போய், கைவினைஞர்களின் வீட்டு வாசலில் நிறுத்திய வேலையும் அதுவே. ஒரு கூட்டம் அவருடைய அறிவியலை ஊதிப் பெருக்குகிறது. இன்னொரு கூட்டம் அதை ஊதித் தள்ளுகிறது. இரண்டு கூட்டமும் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாவது தவறு எல்லாவற்றிலும் ஆபத்தானது. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலிலும் கேரளத்தின் சவறை மணலிலும் இருப்பது மோனசைட். அது ஒரு பாஸ்பேட். சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களே அதில் மிகுதி. தோரியம் ஆக்சைடு பத்து விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டதாகவே வரலாறு பதிவுசெய்திருக்கிறது. தோரியனைட் என்பதோ ஆக்சைடு. அதில் பெரும்பகுதி தோரியமே. நார்வேயில் கிடைத்த தோரைட் சிலிக்கேட். தனிமம் ஒன்று, கனிமங்கள் மூன்று. பெயர்கள் ஒலியில் ஒத்திருக்கின்றன என்பதற்காக இவற்றைக் குழப்புகிறவர் கனிமவியலைப் பற்றி எழுதவே கூடாது.

இதில் ஆபத்து எங்கே வருகிறது என்று கேட்கலாம். குமரிக் கடற்கரையில் "தோரியம் கொட்டிக் கிடக்கிறது, அள்ளினால் நாடே ஒளிரும்" என்று எழுதுகிறவர்கள், தோரியம் தானாக எரிகிற எரிபொருள் இல்லை என்பதைச் சொல்வதில்லை. தோரியம் 232 ஒரு நியூட்ரானை விழுங்க வேண்டும். பிறகு புரோட்டாக்டினியம் வழியாக யுரேனியம் 233 ஆக மாற வேண்டும். அந்த யுரேனியமே பிளவுபட்டு ஆற்றல் தரும். ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில் தோரியம் மூன்றாவது கட்டத்தில் நிற்பதற்குக் காரணம் இதுவே. யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்டு கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி உலை, வெறும் 30 கிலோவாட் திறனுள்ள ஆராய்ச்சி உலை. மணலிலிருந்து மின்சாரத்துக்குப் போகும் வழி எத்தனை நீளமானது என்பதை இதைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். அதை மறைத்து ஆசை காட்டுவது வாசகரை ஏமாற்றுவது.

அறியாமையை முதலாக்கிப் பிழைக்கிறவர்கள் நம்மிடையே குறைவில்லை. "இரிடியம் கலசம்" என்று சொல்லிப் பணம் பறித்த கும்பல்களைத் தமிழ்நாட்டுக் காவல்துறை பலமுறை பிடித்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி அலைகளைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட பதக்கங்கள் உள்ளிட்ட சில பொருள்கள் கதிர்வீச்சை வெளியிடுகின்றன, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. கதிரியக்கம் பற்றி நல்ல தமிழில் நேரான செய்தி கிடைக்காத இடத்தில் இப்படிப்பட்டவர்கள்தான் ஆசிரியர்களாகிவிடுவார்கள்.

ஆகவே, தோரியனைட்டின் இயல்பு என்ன என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். தோரியம் 232இன் அரைவாழ்வு ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு. அதாவது ஒரு துண்டிலுள்ள தோரிய அணுக்களில் பாதி சிதைய அத்தனை காலம் ஆகும். ஒவ்வொரு தோரிய அணுவும் படிப்படியாகச் சிதைந்து, வழியில் ஆறு ஆல்ஃபா துகள்களை உமிழ்ந்து, கடைசியில் ஈயம் 208 ஆகி ஓய்கிறது. யுரேனியம் 238 எட்டு ஆல்ஃபா துகள்களை உமிழ்ந்து ஈயம் 206 ஆகிறது. ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கரு. எனவே கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த தோரியனைட் படிகத்துக்குள் ஹீலியம் சிறைப்பட்டுச் சேர்ந்துகொண்டே வரும். அந்தக் கறுப்புக் கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் ஹீலியம் குமிழியிட்டு வெளிவரும். பலூனை மேலே பறக்கவிடும் அதே வாயு, ஈயத்தைப் போல் கனக்கும் ஒரு கல்லுக்குள்ளிருந்து கிளம்புகிறது!

ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். ஆனால் தோரியத்தின் சிதைவு வரிசையில் வரும் தாலியம் 208 வெளிவிடும் காமாக் கதிர் 2.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடையது. அதைத் தடுக்கக் கனமான ஈயக் கவசம் தேவை. அதே வரிசையில் தோரான் என்ற கதிரியக்க வாயுவும் உண்டாகிறது. இந்தக் கல்லைத் தொட்டாலே சாவு என்பது புரளி. தாயத்தில் கட்டிக்கொண்டால் உடம்புக்கு வலு என்பது அதைவிடப் பெரிய புரளி. மூடிய பெட்டியில், ஆள் புழங்காத, காற்றோட்டமுள்ள இடத்தில், பெயரும் எச்சரிக்கையும் எழுதி வைக்க வேண்டிய பொருள் இது. அரைக்கவோ அறுக்கவோ கூடாது. தூள் மூச்சில் போய்விட்டால் உள்ளேயிருந்து ஆல்ஃபா துகள்கள் திசுக்களைத் தாக்கும். இவ்வளவையும் எழுத அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்தைக்கூட ஒதுக்காமல், "அரிய அணு சக்திக் கல்" என்று தலைப்புப் போட்டுப் பக்கத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

இக்கனிமம் ஏன் அன்று சந்தையில் விலைபோயிற்று என்பதையும் ஒருவரும் எழுதவில்லை. கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து வந்த காஸ் விளக்கைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்குள் தொங்கிய சின்னஞ்சிறு வலைப்பைக்கு மேண்டில் என்று பெயர். தோரிய உப்பில் நனைத்த அந்தத் துணிப் பையைக் கொளுத்தினால் துணி எரிந்துவிடும். வெள்ளைச் சாம்பல் வலை மட்டும் அப்படியே நிற்கும். 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் ஒரு விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்ட அந்தச் சாம்பல்தான் சூடேறிப் பால்போல் ஒளிர்ந்தது. ஆஸ்திரியாவின் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்ட கலவை இது. தோரியம் ஆக்சைடு உருக 3,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதனால் விளக்கின் தழலுக்கு அது அசையவில்லை. ஐரோப்பியத் தெருக்கள் காஸ் விளக்கில் ஒளிர்ந்த அந்நாளில், 70 விழுக்காடு தோரியம் ஆக்சைடு உள்ள பலாங்கொடைக் கல்லுக்கு வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றதில் வியப்பில்லை.

இனி, இந்தக் கல் அறிவியலுக்குச் செய்த தொண்டைப் பார்ப்போம். இதைச் சொல்லாமல் விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை.

1904இன் இறுதியில் ஓட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானிய வேதியியலர், ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் ராம்சேயிடம் வந்து சேர்ந்தார். குமாரசுவாமி படித்த அதே கல்லூரி. ராம்சே ஒரு பேரியம் உப்பை அவரிடம் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரித்தெடுக்கச் சொன்னார். அந்த உப்பு இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஹான் ரேடியத்தைப் பிரித்தார். கூடவே, தோரியத்தைப் போல் நடந்துகொள்ளும், ஆனால் அதைவிடப் பன்மடங்கு கதிரியக்கம் மிகுந்த வேறொரு பொருளையும் கண்டார். ரேடியோதோரியம் என்று 1905இல் அதை அறிவித்தார். கரிம வேதியியலராகத் தொழிற்சாலை வேலைக்குப் போகவிருந்தவர் கதிரியக்க ஆய்வின் பக்கம் திரும்பியது அங்கேதான். அவரே 1938இல் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனிய அணுக்கரு பிளவுபடுவதைக் கண்டார்; 1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பலாங்கொடைக் கூடையின் அடியில் கிடந்த கல்லுக்கும் இருபதாம் நூற்றாண்டின் திருப்புமுனைக்கும் இடையே இப்படி ஒரு நேர்க்கோடு இருக்கிறது. விழா மலர்க்காரர்கள் உண்மையிலேயே பெருமை தேடியிருந்தால், இது ஒன்றே போதுமே!

ரேடியோதோரியம் ஒரு தனித் தனிமம் என்றே முதலில் கருதப்பட்டது. அதுவும் பின்னர் திருத்தப்பட்டது. ஒரே தனிமத்துக்கு வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் இருக்கலாம் என்று 1913இல் ஃப்ரெடெரிக் சாடி ஐசோடோப்புக் கருத்தை முன்வைத்தபோது, ஹான் கண்டது தோரியத்தின் இன்னொரு ஐசோடோப்பே என்பது விளங்கிற்று. தோரியம் 228 என்று இன்று அழைக்கிறோம். சாடி தம் கருத்துக்குச் சான்று தேடிச் சென்றதும் இலங்கைக் கனிமத்திடமே, இம்முறை தோரைட்டிடம். தோரியம் மிகுந்த அந்தக் கனிமத்திலிருந்து பிரித்த ஈயம், சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருந்தது. ஒரே ஈயம், வெவ்வேறு எடை! 1921ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பூமியின் வயதைக் கணக்கிட்ட கதையிலும் தோரியனைட்டுக்கு இடம் உண்டு. அமெரிக்காவின் போல்ட்வுட், கனிமத்திலுள்ள யுரேனியத்துக்கும் ஈயத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு 1907இல் பாறைகளின் வயதைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் மிக மூத்ததாக நின்றது சப்ரகமுவத் தோரியனைட். வயது 220 கோடி ஆண்டு. அந்த எண் தவறு. தோரியமும் சிதைந்து ஈயமாகிறது என்பது அப்போது தெளிவாகாததால், தோரியம் தந்த ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கில் அவர் சேர்த்துவிட்டார். பின்வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். இலங்கைத் தோரியனைட்டின் வயது 55 கோடி ஆண்டை ஒட்டியது என்று இன்று அறிகிறோம். எண் நான்கில் ஒன்றாகக் குறைந்ததே என்று போல்ட்வுட்டின் புகழ் குறையவில்லை. பாறைக்கு வயது சொல்லும் வழியைத் திறந்தவர் என்றே உலகம் அவரைக் கொண்டாடுகிறது. இங்கிலாந்தில் ஸ்ட்ரட், தோரியனைட்டில் ஹீலியம் எந்த வேகத்தில் சேர்கிறது என்பதை நேரடியாகவே அளந்து, இன்னொரு வழியையும் திறந்தார்.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பாருங்கள். குமாரசுவாமி சொன்னதை டன்ஸ்டன் திருத்தினார். ஹான் சொன்னதைச் சாடியின் கருத்து திருத்தியது. போல்ட்வுட் சொன்ன எண்ணைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். திருத்தப்பட்ட எவரும் சிறுமைப்படவில்லை; ஒவ்வொரு திருத்தத்திலும் மனித அறிவு ஒரு படி ஏறியது. இந்தக் கனிமத்தின் வரலாறே திருத்தங்களின் வரலாறுதான். அப்படிப்பட்ட வரலாற்றை எழுத வந்தவர்கள், தாங்கள் அச்சிட்ட ஒரு வரியைத் திருத்த மாட்டோம் என்று பிடிவாதம் பிடிப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பிடிவாதம் என்று நாம் சும்மா சொல்லவில்லை. தவற்றைச் சுட்டிக்காட்டிய வாசகர்களுக்குக் கிடைத்த மறுமொழிகள் நம் பார்வைக்கு வந்தன. "இது சிறு பிழை, சாரம் சரிதானே" என்கிறது ஒன்று. சாரமே தவறு, தனிமத்துக்கும் கனிமத்துக்கும் வேறுபாடு தெரியாத மாணவர் வேதியியலின் முதல் பாடத்திலேயே தோற்றவர். "நம்மவர் பெருமையைக் குறைத்துப் பேசலாமா" என்கிறது இன்னொன்று. இல்லாத பெருமையைச் சேர்த்தால் இருக்கிற பெருமையும் சந்தேகத்துக்குள்ளாகும். நாளை ஒரு பிள்ளை வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் போய், தோரியத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் குமாரசுவாமி என்று சொல்லித் தலைகுனிந்து நின்றால், அந்த அவமானத்துக்கு யார் பொறுப்பு? மூன்றாவது மறுமொழி இன்னும் மோசம்: "இணையத்தில் அப்படித்தான் இருந்தது." இணையத்தில் இருப்பதை அப்படியே எடுத்து அச்சிடுவதற்குப் பதிப்பாசிரியர் எதற்கு, மெய்ப்புத் திருத்துநர் எதற்கு, அட்டையில் விலை எதற்கு?

தமிழில் அறிவியல் எழுதுவது எளிதன்று. அதை நாம் அறிவோம். கலைச்சொல்லுக்கு அலைய வேண்டும், மூல நூலுக்கு அலைய வேண்டும், ஊதியமும் சொற்பம். அந்தச் சிரமத்தைப் பட்டு நேர்மையாக எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பின் மேல்தான் இந்த அலட்சியம் சேற்றை வாரி இறைக்கிறது. தமிழில் வரும் அறிவியல் என்றாலே நம்ப முடியாது என்ற பேச்சு வளர்ந்தால், அதற்கு விலை கொடுப்பவர்கள் ஆங்கிலம் அறியாத மாணவர்கள். வசதியுள்ள பிள்ளை வேறு நூலைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளும். கிராமத்து நூலகத்தில் இருக்கும் ஒரே கையேட்டை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு வேறு வழி ஏது?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

முதலாவது, கையேட்டுப் பதிப்பாளர்கள் அந்தக் கேள்வி விடையை அடுத்த பதிப்புக்காகக் காத்திராமல் உடனே திருத்த வேண்டும். விற்பனையில் இருக்கும் படிகளில் திருத்தத் தாளை ஒட்டி அனுப்ப வேண்டும். தோரியத்தை 1829இல் கண்டுபிடித்தவர் பெர்சீலியஸ் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, குமாரசுவாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் தோரியனைட்டைக் குறிப்பிடும்போது உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்: 1904இல் இலங்கையில் கிடைத்த கனிமத்தை யுரேனினைட் என்று விவரித்தவர் குமாரசுவாமி, புதுக் கனிமம் என நிறுவிப் பெயரிட்டவர் டன்ஸ்டன். செரெண்டிபைட்டில் அவருக்குள்ள பங்கை மறவாமல் சேர்க்க வேண்டும். அவருடைய நிலவியல் பணிக்கு அரை வரி போதாது. உரிய இடம் தர வேண்டும்.

மூன்றாவது, தோரியம், தோரைட், தோரியனைட், மோனசைட் ஆகிய நான்கையும் குழப்பிக் கட்டுரை வெளியிட்ட இதழ், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். கடைசிப் பக்கத்தின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடும் வருத்தத்தை நாம் திருத்தமாக ஏற்கமாட்டோம்.

நான்காவது, கதிரியக்கக் கனிமம் பற்றி வெகுமக்களுக்கு எழுதும் எந்தக் கட்டுரையிலும் பாதுகாப்புச் செய்தி இடம்பெற வேண்டும். அச்சுறுத்தலும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம். அளவும் இயல்பும் போதும்.

ஐந்தாவது, இனி இத்தகைய நூல்களையும் கட்டுரைகளையும் அச்சேற்றும் முன் அத்துறை தெரிந்த ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். நம் கல்லூரிகளில் நிலவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வேதியியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும் தவறுகள் இவை.

இக்கோரிக்கைகளில் ஒன்றுகூட நிறைவேற்ற முடியாதது இல்லை. எதற்கும் பெரும் செலவு இல்லை. மனம் இருந்தால் போதும். திருத்தம் வெளியிடுகிறவர்களின் பெயரை நன்றியோடு இதே பக்கத்தில் வெளியிடுவோம். மௌனம் சாதிக்கிறவர்களின் புத்தகங்களை எந்தப் பள்ளியும் எந்த நூலகமும் வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்வோம். மாணவர்களின் கையில் தவறான நூலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க எவருக்கும் உரிமையில்லை. தவற்றை ஒப்புக்கொள்ளுங்கள், திருத்தி அச்சிடுங்கள், இன்றே தொடங்குங்கள்.